“ஆஃப் பண்ணிட்டீங்களா தம்பி?” என்று கேட்ட பிறகு வந்த பேட்டி

நொய்யல்கரை

போன மாதம் நடந்தது. இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் நம் பாட்காஸ்ட் குழுவில் கொட்டுகிறேன்.

ஏஜென்சி வேலை, ஐந்து கிளையண்ட், இதற்கு நடுவில் வாரம் ஒரு பாட்காஸ்ட். என் நிலைமை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, எழுபதை நெருங்குபவர். நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று முதல் நாளே பத்து கேள்விகளையும் அவர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். மகன் பதில்களை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, அப்பா கையில் கொடுத்துவிட்டார். ஐயா வாசித்தார். தரம், நேரம், நம்பிக்கை என்று 38 நிமிடம். பதினொன்றரைக்கு எனக்கு வேறொரு கிளையண்டின் விளம்பர ரிவ்யூ. நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

நிறுத்தினேன். மைக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். காபி வந்தது. ஐயா அந்தப் பேப்பரை நான்காக மடித்து டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, “ஆஃப் பண்ணிட்டீங்களா தம்பி?” என்றார்.

“பண்ணிட்டேனுங்க ஐயா.”

அப்புறம்தான் பேசினார். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்தது இல்லையா, அந்தக் கதை. குடோனில் சாயம் ஏறாத துணி மலை போல, கப்பல் தேதி நெருங்குகிறது. லாரியில் ஏற்றி லூதியானாவுக்கு அனுப்பியிருக்கிறார், டிரைவர் பக்கத்தில் தானே உட்கார்ந்து போயிருக்கிறார். சாயம் ஒரு ஷேடு மாறி வந்துவிட்டது. யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால், சரக்கு வாங்கும் பையருக்கு அவரே போன் செய்து சொல்லிவிட்டாராம். சொல்லும்போது நடுவில் பஞ்சாப் குளிர், ரோட்டோர தாபாவில் சாப்பிட்டது, வீட்டுக்காரம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு மூன்றாம் நாளும் கெடாமல் இருந்தது எல்லாம் வந்தது. பன்னிரண்டு நிமிடம். ரெக்கார்டர் என் பையில்.

“இதையே ஒரு தடவை திருப்பிச் சொல்றீங்களா?” என்று மைக்கை மாட்டினேன். சொன்னார். “2011ல் சில சவால்களைச் சந்தித்தோம்.”

அவ்வளவுதான்.


இரவுநேர எடிட்டர்

உங்களுக்கு 38 நிமிடமாவது இருக்கிறது. எனக்குப் பூஜ்யம்.

கையடக்க ரெக்கார்டர், நண்பனிடம் இரவல் வாங்கியது. அந்த வகையில் ரெக்கார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் தயார் நிலைக்குத்தான் போகும். சிவப்பு விளக்கு மினுக்கும், மீட்டர் ஆடும், ஹெட்போனில் குரல்கூடக் கேட்கும். இரண்டாவது தடவை அழுத்தினால்தான் பதிவாகும். இது எனக்குத் தெரியாது. சிவப்பு எரிகிறது, சத்தம் கேட்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஐம்பது நிமிடம் பேசினோம். முதல் மாதச் சம்பளம் போட அம்மா கழுத்துச் செயினை அடகு வைத்ததை அந்த ஃபவுண்டர் முதன்முதலாக வெளியே சொன்னதே அன்றைக்குத்தானாம்.

வீட்டுக்கு வந்து கார்டைச் செருகினால் ஃபைலே இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. கிளம்பும்போது “நல்லா வந்துச்சா ப்ரோ?” என்று கேட்டார், “சூப்பரா வந்திருக்கு” என்றேன். ஐந்து மாதம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு தடவை “எபிசோடு எப்போ?” என்று மெசேஜ் வருகிறது. எடிட்டிங்கில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் விளக்கைப் பார்ப்பதில்லை, விநாடி எண் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். அவருக்கு என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.


பழைய ரேடியோ

நொய்யல்கரை, கோபித்துக்கொள்ள வேண்டாம். கேள்விகளை அனுப்பிய அன்றே உங்கள் பேட்டி முடிந்துவிட்டது. எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்லுங்கள், போதும். கேள்வியைக் கொடுத்தால் மகன்தான் பதில் எழுதுவான், இல்லாவிட்டால் கம்பெனியின் பிஆர் ஆள் எழுதுவார். தேதி, விற்பனைத் தொகை மாதிரி சரிபார்க்க வேண்டியவற்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை மைக் முன்னால் கேட்பது இரண்டு பேருக்கும் நேர விரயம்.

என் கதை சின்னது. மதுரையில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா. மைக்கில் குரல் அளவு பார்க்க வழக்கம் போல “காலைல என்ன சாப்பிட்டீங்க?”வில் ஆரம்பித்து, நடுவில், “நஷ்டம் வந்தப்போ யார்கிட்ட முதல்ல சொன்னீங்க?” என்று கேட்டேன். பேசவே இல்லை. பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும். வாயைத் திறந்து உதவி செய்யலாமா என்று நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஏழு விநாடி. “யார்கிட்டயும் சொல்லல தம்பி. புளிச்ச மாவைச் சாக்கடைல ஊத்திட்டு, கை கழுவிட்டு, மறுபடி அரிசி ஊறப் போட்டேன்” என்றார்.

எடிட் செய்த பையன், மௌனங்களைத் தானாக வெட்டும் வசதியைப் போட்டு ஒரே கிளிக்கில் முடித்துவிட்டான். வெளியான எபிசோடில் கேள்வி முடிந்ததும் பதில் வந்து விழுகிறது, மனப்பாடம் செய்த மாதிரி. நான் காது கொடுத்துக் கேட்காமலே ஓகே சொல்லிவிட்டேன். அந்த ஏழு விநாடி இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.


மைக் பைத்தியம்

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஆடி மாதம், பக்கத்துத் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கர், ஒரு மணி நேரப் பேட்டி காலி. சரி, அதை விடுங்கள். இங்கே யாரும் சத்தத்தைப் பற்றியே பேசவில்லையே, அதனால் சொல்கிறேன்.

கெஸ்ட்டை புளூடூத் இயர்பாடில் பேச விடாதீர்கள். அதன் மைக்கைத் திறந்த உடனே பெரும்பாலும் போன் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். போனோடு வந்த பழைய ஒயர் இயர்போன் இதைவிட மேல். அடுத்து, ப்ளூ யெட்டி மைக் வாங்கி வைத்திருக்கும் பாதிப் பேர் அதன் உச்சந்தலையில் பேசுகிறார்கள். பேச வேண்டியது லோகோ இருக்கும் பக்கத்தில். அது கண்டென்சர் வகை, ஃபேன் காற்று முதல் குக்கர் விசில் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். நம் வீடுகளுக்கு சாம்சன் க்யூ2யூ மாதிரி டைனமிக் மைக்தான் சரி, வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வையுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, பீரோ கதவைத் திறந்து வைத்து, துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசுங்கள். வியர்க்கும்தான், ஆனால் எதிரொலி குறையும். யூபிஎஸ் இருக்கும் அறையில் உட்காராதீர்கள், கரண்ட் போனால் அது கத்தும்.

ஜூமில் எடுப்பவர்கள் செட்டிங்கில் ஒவ்வொருவர் குரலையும் தனி ஃபைலாகப் பதிவு செய்யும் டிக்கைப் போட்டுவிடுங்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பிரித்து எடுக்கலாம். ரிவர்சைடு மாதிரி அவரவர் கணினியிலேயே பதிவாகும் தளம் என்றால், பேசி முடித்ததும் அப்லோடு நூறு சதவீதம் ஆகும் வரை டேபை மூட வேண்டாம் என்று கெஸ்ட்டிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். கடைசியாக, எபிசோடுக்கு எபிசோடு சத்தம் ஏறி இறங்கக் கூடாது. LUFS என்ற சத்த அளவில் ஆப்பிள் கேட்பது மைனஸ் 16, ஸ்பாட்டிஃபை கேட்பது மைனஸ் 14. நான் மைனஸ் 16ல் வைத்து இரண்டுக்கும் அனுப்புகிறேன்.

நொய்யல்கரைக்கு ஒரே வழிதான். நிறுத்தின மாதிரி காட்டிவிட்டு ஓட விடுங்கள்.


பழைய ரேடியோ

மேலே சொன்ன கடைசி வரிக்கு எங்கள் ஊரில் திருட்டு என்று பெயர். கதவு வரை ஓட விடுவது தப்பில்லை, “நான் வாசல் தாண்டும் வரை இது ஓடும்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால். நான் அப்படித்தான் செய்கிறேன். பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள், ஆனால் சொன்னது சொன்னதுதான்.


கேம்பெயின் அடிமை

மைக் அண்ணா, உங்கள் அட்வைஸ் எல்லாம் சரி. ஆனால் என் பாஸ் மைனஸ் 16ஆ 14ஆ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “எத்தனை லீடு?” என்றுதான் கேட்பார், அதாவது வாங்க ஆர்வம் காட்டியவர்கள் எத்தனை பேர் என்று. பாட்காஸ்ட் கேட்பவர் கையில் கிளிக் செய்ய எதுவும் இல்லை, எங்கே போய் லீடு காட்டுவது? எபிசோடில் மட்டும் சொல்லும் ஒரு கூப்பன் கோடு, டெமோ ஃபார்மில் “எங்களை எப்படித் தெரியும்?” என்று ஒரு காலிப் பெட்டி. இவ்வளவுதான் என் ஆயுதம். 2023ல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 17 வந்து, கேட்காமல் விட்ட நிகழ்ச்சிகளின் தானியங்கி டவுன்லோடைக் குறைத்ததும் எங்கள் டவுன்லோடு எண்ணிக்கை சரிந்தது. அந்த வாரம் நான் பட்ட பாடு தனிக் கதை.

அந்த அவசரத்தில்தான் தப்பு செய்தேன். ஒரு எபிசோடை வைத்து மூன்று ரீல், இரண்டு லிங்க்ட்இன் போஸ்ட் என்று கணக்கு. சத்துமாவு விற்கும் ஒரு பெண் பேட்டியில் சொன்னது: “ஆரம்பத்துல வாங்குனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வரவே இல்ல. அப்புறம் வறுக்கிற பதத்தை மாத்தினோம், இப்ப நிக்க நேரமில்ல.” முதல் வரி நல்ல கொக்கி என்று அதோடு வெட்டி, மேலே பெரிய எழுத்தில் கேப்ஷன் போட்டேன். வியூஸ் அள்ளியது. அவருடைய டிஸ்ட்ரிபியூட்டரே அந்த ரீலை அவருக்கு ஃபார்வர்டு செய்து “என்னம்மா இது?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். “முழுசாப் போட்டிருக்கலாமே அக்கா” என்று ஒரே ஒரு மெசேஜ். ரீலை எடுத்துவிட்டேன். இப்போது வெட்டிய துண்டை முதலில் கெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் போடுகிறேன், அதில் ஒரு நாள் போகிறது. பாஸுக்கு இது பிடிக்கவில்லை.


மைக் பைத்தியம்

திருட்டு என்றெல்லாம் சொல்ல வேண்டாம் ஐயா, ஒரு பேக்கப்புக்காகச் சொன்னேன். சரி, வாபஸ்.


நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவர் மகனுக்கு போன் செய்து, பேப்பர் இல்லாமல், கேள்வி அனுப்பாமல் ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். போன் ஐயா கைக்குப் போனது.

“அந்த லாரிக் கதைதானுங்க தம்பி? அது வேண்டாம். அந்த பையர் இன்னைக்கும் நம்மகிட்டதான் வாங்கறாரு.”

ஆஃப் பண்ணியாச்சா என்று ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் இல்லாமல் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தார். “பேரைப் போடாதீங்க, அது போதும்” என்றார்.

எபிசோடு வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது. அந்த ஒரு வரியையும் கடைசியில் ஒட்டியிருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேட்டால் “சவால்களைச் சந்தித்தோம்” என்பதற்குப் பின்னால் டம்ளரை நகர்த்தும் சத்தமும் பேப்பரைப் பிரிக்கும் சத்தமும் வரும். எடிட்டில் நீக்கவில்லை.