நம் ஊர் லாரி டிரைவர்கள்: மலரில் விடுபட்ட பக்கம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சங்க மலருக்காகத் தொகுத்த ஊர்ப் பெரியோர் பட்டியலைப் படித்தேன். ஆசிரியர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள், தோல் மண்டிகளில் கணக்கு எழுதியவர்கள், வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்தவர்கள் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். லாரி ஓட்டியவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் லாரி டிரைவர்கள் இருந்தார்கள். இன்று மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற நம்மில் சிலருக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது அவர்கள் ஒவ்வொரு டிரிப்புக்கும் வாங்கிய படியில் மிச்சம் பிடித்த காசுதான். பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. ஊரில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம் என்று வாழ்ந்தவர்களை ஊரின் நினைவில் தேடினால் எளிதில் அகப்பட மாட்டார்கள்.

சென்ற வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, மூன்று மாலை நேரங்களை என் பெரியப்பாவோடும் தாய்மாமனோடும் மேட்டுத்தெருப் பெரியவரோடும் கழித்தேன். மூவரும் ஒரே லாரி கம்பெனியில் வெவ்வேறு காலத்தில் சேர்ந்தவர்கள். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களும் ‘கம்பெனி’ என்றோ, வண்டிகள் நிற்கும் ஷெட்டை வைத்து ‘செட்டு’ என்றோதான் சொல்கிறார்கள். வைகாசி முதல் நாள் சிரசு ஊர்வலத்தை, வேலையில் இருந்த காலம் முழுவதிலும் நான்கு முறைதான் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். மற்ற ஆண்டுகளில் அன்றைக்கு எங்கே இருந்தார் என்பதை ஊர் ஊராகச் சொல்கிறார். நெல்லூர், ஹூப்ளி, ஒரு முறை நாக்பூர்.

பெரியவர் கிளீனராகச் சேர்ந்தபோது செட்டில் நின்றவை மூக்கு வைத்த பென்ஸ் வண்டிகள். டாடா கம்பெனிக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்து வண்டியின் மூக்கிலிருந்த நட்சத்திரம் போன பிறகும், அவருக்கு டாடா வண்டி எல்லாமே பென்ஸ்தான். பெரியப்பாவோ லேலண்ட் கட்சி. எந்த வண்டி மேட்டில் நன்றாக இழுக்கும் என்ற வழக்கு அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை; முதல் மாலையின் பாதி அதிலேயே போயிற்று.

எனக்குப் புதிதாகப் பட்டது வேறொன்று. அவர்கள் சாலையைப் பற்றிப் பேசியதைவிட லோடைப் பற்றிப் பேசியதே அதிகம். குடியாத்தத்தில் ஏற்றும் தீப்பெட்டி, எடையில்லாத லோடு. உயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றை இறுக்கிவிட்டால் வண்டி ஒரு வீடு போல எழுந்து நிற்கும். எதிர்க்காற்று அடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. தாழ்ந்த புளியங்கிளை ஒன்று தார்ப்பாயைக் கிழித்துவிட்டால் அடுத்த மழையில் சரக்கு முழுவதும் நமுத்துப் போகும். ஆரணி அரிசி மூட்டை அதற்கு நேர்மாறு. அச்சின் மேல் கனமாக, அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் தான் இருப்பதை நினைவூட்டும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத் தோலுக்கு வந்ததும் மூவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு மூவருமே ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குக் கான்பூர், கல்கத்தா பக்கமிருந்து உப்புத்தோல் வந்துகொண்டிருந்தது. போகும்போது வேறு சரக்கு, வரும்போது தோல். தோலிலிருந்து வடிகிற உப்புநீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸுக்குள் இறங்கி ஸ்பிரிங் பட்டைகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் அரித்துவிடும்; மேலே பெயிண்ட் புதிதாக இருக்கும், கீழே இரும்பு அப்பளம் போல உதிரும். ஒரு முறை தோல் ஏற்றிய வண்டியை எத்தனை தடவை கழுவி வெயிலில் காயவைத்தாலும் அரிசிக்காரரும் சர்க்கரைக்காரரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள் என்பதால், கம்பெனி சில வண்டிகளைத் தோலுக்கென்றே ஒதுக்கிவிட்டது. வண்டியோடு ஆட்களும் ஒதுக்கப்பட்டார்கள். பெரியப்பா பதினோரு ஆண்டுகள் தோல் வண்டி ஓட்டினார். அவர் வரும் நாளில் பெரியம்மா கிணற்றடியில் தனியாக ஒரு வாளி வைத்திருப்பார் என்பதும், அவர் சட்டை மற்றத் துணிகளோடு சேராது என்பதும் எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். காரணம் எனக்குப் புரிந்தது இந்த வைகாசியில்தான்.

கான்பூருக்கு ஒரு வழி, கல்கத்தாவுக்கு ஒரு வழி என்று தூரங்களை அவர்கள் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எத்தனை எல்லை, எத்தனை ராத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1975இல் நேஷனல் பர்மிட் முறை வருவதற்கு முன்பு, வெளிமாநிலத்துக்குள் நுழையும் வண்டியின் பர்மிட்டில் அந்த மாநிலத்தின் மேலொப்பம் இருக்க வேண்டும். ஆகவே எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானித்தது தூரமல்ல, கையில் இருந்த காகிதம். பெங்களூருக்குச் சித்தூர் வழியாகப் போனால் ஆந்திர எல்லை ஒன்று, கர்நாடக எல்லை ஒன்று என்று இரண்டைக் கடக்க வேண்டும். வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் எல்லை ஒன்றுதான். பெரியப்பா சேர்ந்தது 1974இல். அதே ஆண்டில்தான் கொவ்வூருக்கும் ராஜமுந்திரிக்கும் இடையே, கீழே ரயிலும் மேலே சாலையுமாகக் கோதாவரிப் பாலம் திறக்கப்பட்டது. முதல் கல்கத்தா டிரிப்பில், இரவில், பாலத்தின் நடுவில் காலடியில் ரயில் ஓடிய அதிர்வில் எஞ்சினில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து அவர் வண்டியை நிறுத்திவிட, பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டனவாம்.

செக்போஸ்ட் வரிசையில் பொழுது போவது தனி வாழ்க்கை. காட்பாடிக்கு அப்பால் கிறிஸ்டியான்பேட்டையிலோ குடியாத்தம் சாலையில் பரதராமியிலோ வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள். குழம்புக்குப் பெரும்பாலும் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்று நாம் இங்கே ஆளுக்கொரு வாழ்த்து எழுதினோமே, அதுதான். வண்டிச் சூட்டில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலும் அது சுருங்காது என்பதால் புறப்படும்போது ஒரு பையில் போட்டுக்கொள்வார்கள் என்று மாமா சொன்னார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அந்த இடங்களைக் கடக்கும்போது மாமா பேருந்திலிருந்து எட்டிப் பார்க்கிறாராம், வரிசை இல்லாத சாலையைப் பார்க்க.

மாமா கிளீனராக இருந்தபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சித்தூரிலிருந்து பங்காருபாளையம் தாண்டிப் பலமநேருக்கு ஏறுகிற பழைய 4ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மொகிலி மலைப்பாதை வருகிறது. அந்தக் கால கியர்பாக்ஸில் மேட்டில் கீழ் கியருக்கு மாறுவது லேசான காரியமல்ல. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தைக் கூட்டி, மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். ஒரு நொடி பிந்தினால் பல்லோடு பல் உரசிக் கியர் விழாமல் போகும். பத்து டன் சரக்கோடு வண்டி பின்னால் உருளத் தொடங்கும். அப்போது இடப்பக்கக் கதவிலிருந்து கிளீனர் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கட்டை என்பது புளியமரத்தில் ஆப்பு வடிவில் செதுக்கியது. பழைய டயர்ப் பட்டையை ஆணி அடித்துக் கைப்பிடி வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்தக் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்திருந்ததால், மாமா கட்டையை அடியில் கைகொடுத்துத் தள்ளியிருக்கிறார். டயர் ஏறி உட்கார்ந்தபோது நடுவிரலின் நுனி கட்டைக்கும் சாலைக்கும் நடுவில் இருந்தது.

“அப்ப வலியே தெரியல நைனா. பலமநேர்ல காபி வாங்கிக் குடுத்தாங்க, டம்ளர புடிக்க முடியல. அப்பதான் துணிய பிரிச்சு பாத்தேன்” என்றார்.

அங்கேயே கட்டுப் போட்டுக்கொண்டு, அதே வண்டியில் பெங்களூர் போய் லோடு இறக்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அந்த டிரிப்புக்கு ஒன்றரைப் படி கொடுத்தார்கள். அடுத்த மாதம் புதுக் கட்டை வாங்கிய செலவை டிரிப் கணக்கில் யார் தலையில் எழுதுவது என்று செட்டில் பேச்சு வந்ததாம்.

கணக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. மாதச் சம்பளம் பெயருக்குத்தான். வீட்டுக்கு வந்தது டிரிப் படி. புறப்படும்போது கையில் கொடுக்கும் அட்வான்ஸில் டீசல், கூலி, பஞ்சர், மாமூல் எல்லாம் போக மிச்சத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், ரசீது இல்லாத செலவு டிரைவர் பாடு. மாமூலுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? மூட்டை குறைந்தால் பிடித்தம், சரக்கு நனைந்தால் பிடித்தம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்பது அதன் பொது விதியாக இருந்தது. நான் இதைச் சொன்னபோது பெரியப்பா, “அது வண்டிக்கா, ஆளுக்கா?” என்று நிஜமாகவே கேட்டார்.

ஒரு காலத்தில் கம்பெனியில் முப்பதுக்குக் குறையாத வண்டிகள் ஓடின. ஆனால் அவை முதலாளி பேரில் நான்கு, தம்பி பேரில் நான்கு, மனைவி, மருமகன், மைத்துனர் என்று பிரிந்து கிடந்தன. டிரைவர்களையும் இரண்டொரு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பேரிலிருந்து இன்னொரு பேருக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. இருபத்தெட்டு ஆண்டு ஓட்டிய பெரியவர் காகிதத்தில் எந்த முதலாளியிடமும் ஐந்தாண்டு இருந்ததில்லை. பி.எஃப். என்ற சொல்லை அவர் முதன்முதலில் கேட்டதே, அரசுப் பேருந்து டிரைவராகப் போன தன் தம்பியிடம்தான். இத்தனைக்கும், முதலாளி இறந்தபோது சுடுகாடுவரை தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். “மனுசன் நல்லவருதான்” என்கிறார். அதை நான் முழுவதும் ஏற்கவில்லை; அவர் எதிரில் மறுக்கவும் இல்லை.

தோல் குறைந்ததோடு கம்பெனியும் குறைந்தது. பாலாறு கெட்டது தொடர்பாக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்காதவற்றை மூடச் சொன்னது. அந்தத் தீர்ப்பால்தான் வேலை போயிற்று என்று மாமா இன்றும் சொல்கிறார். தன் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது என்று சொல்பவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அவருக்குச் சங்கடமில்லை.

கடைசி மாலையில் பெரியவர் பரணிலிருந்து ஒரு கம்பியை எடுத்துவரச் சொன்னார். பழைய மளிகைக் கடைகளில் சீட்டுக் குத்தி வைப்பார்களே, அடியில் வட்டப் பலகையும் மேலே வளைந்த முனையும் கொண்ட கம்பி. அதில் அவருடைய டிரிப் சீட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தன. கார்பன் மை நீலமாகப் பரவி, தேதி பாதிக்குமேல் அழிந்துபோயிருந்தது. டீசல் நெடி மட்டும் போகவில்லை. ஆனால் சீட்டின் தலைப்பில் அச்சிட்ட முகவரி தெளிவாக இருந்தது. அடியில் கிடந்தவற்றில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு அச்சடித்த புத்தகங்களில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று மாறியிருந்தது. இந்தத் தலைப்புகளையும் சரக்கின் பெயரையும், அவர் நினைவில் வைத்திருக்கும் வண்டி எண்களையும் வைத்துச் சீட்டுகளை ஆண்டு வாரியாக அடுக்கப் பார்த்தேன், ஏறக்குறைய அடுக்கியும்விட்டேன். இனி எந்த அலுவலகத்திலும் இதற்குப் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். மலருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் படமெடுத்து அனுப்புகிறேன். கம்பியிலிருந்து கழற்றக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

‘வேலூர் மாவட்டம்’ என்று அச்சிட்ட சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கம்பியின் உச்சியில். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் பதனிட்ட தோல். படி என்ற கட்டத்தில் தொகை எழுதவில்லை; பென்சிலில் ‘பாக்கி’ என்று இருக்கிறது.