புதுப்பிப்பு: பருவநிலைப் பற்றுச்சீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கியாச்சு

சிங்கப்பூரில் மின்சாரம், தண்ணீர் மிச்சப்படுத்தும் சாதனங்கள் வாங்க அரசு தரும் 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டை என் சிங்பாஸில் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) எடுக்க முடியவில்லை, ஏற்கெனவே பெறப்பட்டதாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

"வீட்டில் வேறு யாராவது எடுத்திருப்பார்கள், குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள்" என்ற பதில்தான் சரி. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் எடுக்க முடியும். அப்பா 2024லேயே எடுத்துவிட்டு மறந்திருந்தார். மருத்துவ முன்பதிவுச் செய்திகளுக்கு நடுவே பற்றுச்சீட்டுக்கான இணைப்பு கிடந்தது. வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிக்கொண்டேன். கடையில் அப்படியே வேலை செய்தது.

எதிர்பாராதது ஒன்று: நான் பார்த்து வைத்த ஃபிரிட்ஜுக்கு 2 டிக்தான் (மின்சிக்கனத்தைக் காட்டும் குறி). பற்றுச்சீட்டைப் பயன்படுத்தக் குறைந்தது 3 வேண்டுமாம். கதவில் ஒட்டியிருந்த லேபிளைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். 3 டிக் உள்ளதை எடுத்து மீதியை அட்டையில் கட்டினேன்.

அப்புறம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு 2025 ஏப்ரலில் வந்த கூடுதல் 100 வெள்ளியைத் தனியாக எடுக்க வேண்டும்.