பப்ஸி 3டி: ஸ்டிக் அசையவில்லை, தரையில் டெக்ஸ்சர் இல்லை, தாவல்கள் தவறுகின்றன. கோளாறு என் கணினியிலா, விளையாட்டிலா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. 1996-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வெளியான ‘பப்ஸி 3டி’யின் வட்டு நெடுநாள் தேடலுக்குப் பின் எனக்குக் கிடைத்தது. 1993-இல் வந்த முதல் பப்ஸியை, அந்தக் காட்டுப்பூனை கைகளை விரித்துக் காற்றில் மிதந்து இறங்கும் அழகுக்காகவே அண்ணனும் நானும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆடியிருக்கிறோம். ஆகவே வட்டைக் கணினியில் ஏற்றி, எமுலேட்டரில் (பழைய விளையாட்டுக் கருவியைப் போலக் கணினியை இயங்கவைக்கும் மென்பொருள்) மிகுந்த ஆசையுடன் தொடங்கினேன். மூன்று நாள்களாகியும் முதல் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

முதலாவதாக, கண்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் பப்ஸி அசைவதில்லை. இரண்டாவதாக, தரையும் சுவர்களும் சாயம் பூசிய அட்டையைப் போல ஒரே நிறமாகத் தெரிவதால், டெக்ஸ்சர்கள் (பரப்புகளின்மீது ஒட்டப்படும் படங்கள்) ஏறவில்லையோ என்று ஐயுற்று, படத்தை வரையும் பகுதியான ரெண்டரரை மாற்றியும் எமுலேட்டரை நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். மூன்றாவதுதான் என்னை வாட்டுகிறது: எதிரிலுள்ள மேடையை நோக்கிச் சரியாகத்தான் தாவுகிறேன் என்று நினைக்கும்போது, பப்ஸி அதன் விளிம்புக்கு அரையடி இப்பாலோ பக்கவாட்டிலோ விழுகிறது. இதில் எந்தெந்தக் கோளாறு என் அமைப்பைச் சேர்ந்தது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஸ்டிக் பிரச்சினை எளிது. சோனி இரட்டை ஸ்டிக் கொண்ட கைக் கண்ட்ரோலரை 1997-இல்தான் வெளியிட்டது. இந்த விளையாட்டோ அதற்கு முந்தையது. எமுலேட்டரில் கண்ட்ரோலர், ஸ்டிக்கின் சாய்வையும் அனுப்பும் அனலாக் நிலையில் இருந்தால், அக்காலத்து விளையாட்டுகள் சிலவற்றுக்கு அது என்ன கருவியென்றே புரிவதில்லை. பொத்தான்களை மட்டும் அனுப்பும் டிஜிட்டல் நிலைக்கு மாற்றுங்கள். ஸ்டிக்கைத் திசைப் பொத்தான்களாக ஆக்கும் வசதியும் சில எமுலேட்டர்களில் உண்டு.

டெக்ஸ்சரைத் தேடி இனி அலைய வேண்டாம். பப்ஸி 3டியின் நிலப்பரப்பில் பெரும்பகுதி ஒற்றை நிறப் பலகோணங்களால் ஆனது. வட்டிலேயே இல்லாததை எந்த ரெண்டரரும் கொண்டுவர முடியாது. ரெசொல்யூஷனைக் கூட்டினால் விளிம்புகள் கூர்மையாகும், பிஜிஎக்ஸ்பி என்ற எமுலேட்டர் வசதியை இயக்கினால் பலகோணங்களின் நடுக்கம் குறையும், அவ்வளவுதான். ஐயம் தீர வேண்டுமானால், இதே அமைப்பில் அக்காலத்து இன்னொரு பிளேஸ்டேஷன் விளையாட்டான கிராஷ் பாண்டிகூட்டை ஓட்டிப் பாருங்கள். காட்டுத் தரையில் புல்லும் மண்ணும் தெரிந்தால் உங்கள் கணினியின்மீது பழியில்லை.

மறுமொழி 2

தாவல் தவறுவதற்கும் தரையின் நிறத்துக்கும் உள்ள தொடர்பையும் சொல்ல வேண்டும். கிராஷின் உடலும்கூடப் பெரும்பாலும் டெக்ஸ்சர் இல்லாத வண்ணப் பலகோணங்களே; ஆனால் அது ஆடுபவன் உருவம், அதை வைத்து நாம் தொலைவை அளப்பதில்லை. தரையில் கோடோ கல்லோ புல்லோ இருந்தால், அவை தொலைவில் சிறுத்தும் அருகில் பெருத்தும் தெரிவதைக் கொண்டே கண் தூரத்தைக் கணிக்கிறது. ஒரே நிறமான மேடை ஆறடியில் இருந்தாலும் பத்தடியில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் படுகிறது.

அடுத்தது கட்டுப்பாட்டு முறை. மேல் பொத்தானை அழுத்தினால் பப்ஸி தான் பார்க்கும் திசையில் நடக்கிறது. இடமும் வலமும் அதன் உடலைத் திருப்ப மட்டுமே பயன்படுகின்றன. ‘டேங்க் கண்ட்ரோல்’ என்று நாம் சொல்வது இதைத்தான். இம்முறையே தவறு என்று பலர் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதே 1996-இல் வந்த டூம் ரைடரிலும் இதே முறைதான். ஆனால் அங்கே உலகம் முழுவதும் சதுரக் கட்டைகளால் அடுக்கப்பட்டிருப்பதால், நின்று தாவினால் ஒரு கட்டை, ஓடித் தாவினால் இரண்டு என்று எண்ணித் தாவலாம். ஓட்டத்துக்கு இடம் வேண்டுமென்றால் அதன் நாயகி லாரா பின்னோக்கி ஒரு துள்ளல் துள்ளினால் போதும். பப்ஸியில் அப்படி எண்ணுவதற்கு ஓர் அளவுகோல் இல்லை. அதே ஆண்டு வந்த சூப்பர் மாரியோ 64 வேறு வழியில் சென்றது: ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம், தாவும்போது நேர் கீழே விழும் நிழல், தேவைப்பட்டால் திருப்பிக்கொள்ளக்கூடிய கேமரா. இருபரிமாணத்தில் பக்கவாட்டில் ஓடியபடியே பறந்த பப்ஸிக்கு, முப்பரிமாணத்தில் நின்று, திரும்பி, குறிபார்த்துத் தாவும் உடல் அமைந்தது. எனக்கு இன்றும் வருத்தம் தருவது இதுதான். இதைச் செய்த ஐடெட்டிக் குழு 1999-இல் சைஃபன் ஃபில்டர் போன்ற தேர்ந்த விளையாட்டைத் தந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திறமைக்குக் குறைவிருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆட வேண்டுமென்றால், மேடைக்கு முன்னால் முழுவதும் நின்றுவிடுங்கள். மேடை திரையின் நடுவே வரும்வரை சிறு சிறு தட்டல்களாகத் திரும்புங்கள். தாவிய பிறகு மிதக்கும் பொத்தானை விடாமல் பிடித்திருங்கள். விழுதல் மெதுவாவதால், குறை தூரம் பெரும்பாலும் சரியாகிவிடும். காற்றில் இருக்கும்போது திசையைத் திருத்தப் போகாதீர்கள்.

மறுமொழி 3

தொலைக்காட்சியில் ஆடுகிறீர்களா? ஆம் என்றால் ‘கேம் மோடை’ இயக்குங்கள். படத்தை மெருகூட்டும் வசதிகள் அழுத்தத்துக்கும் அசைவுக்கும் இடையே தாமதத்தை ஏற்படுத்தும். இந்த விளையாட்டு அதைத் தாங்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கிராஷில் புல் தெளிவாகத் தெரிந்தது. எனவே கணினியைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டேன். தொலைக்காட்சியில்தான் ஆடினேன், கேம் மோடுக்குப் பின் பொத்தானை அழுத்தியதுமே தாவல் நிகழ்கிறது.

டிஜிட்டல் நிலைக்கு மாற்றி, ஸ்டிக்கைத் திசைப் பொத்தான்களாக ஆக்கியதும் அது வேலை செய்தது. ஆனால் கட்டைவிரல் சற்றே கோணினாலும் முன்னே நடப்பதும் திரும்புவதும் ஒன்றாக நிகழ்ந்து, பப்ஸி வளைந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஆகவே ஸ்டிக்கை விட்டுத் திசைப் பொத்தான்களுக்கே திரும்பிவிட்டேன். நின்று, நான்கு தட்டல் திரும்பி, தாவி, மிதந்து இறங்கியபோது பப்ஸியின் பின்னங்கால்கள் விளிம்பில் பட்டும் படாமலும் நின்றன. நேற்றிரவு, கட்டத்தில் தேடிச் சேர்க்க வேண்டிய ராக்கெட் துண்டுகளில் முதலாவதை எடுத்துவிட்டேன். இரண்டாவது துண்டு உயரத்தில் இருக்கிறது, இன்றிரவு அதற்கு முயல்கிறேன்.