செலக்டிவ் கம்ப்ரெஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் அமைப்போர் நாள்தோறும் புழங்கும் 'செலக்டிவ் கம்ப்ரெஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். உண்மையான ஒரு நிலையத்தை அளவுகோல் பிசகாமல் மேசைமேல் செய்தால் அறை கொள்ளாது. சிலவற்றை விட்டுவிட்டு, சிலவற்றின் நீளத்தைக் குறைத்து, பார்த்தவுடன் 'அந்த ஊர்தான்' என்று அடையாளம் தெரியும்படி நிறுத்துவதே இந்த வேலை.

பேச்சுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தில் ராஸ்லேருக்கும் வாட்டர்ஃபோர்டுக்கும் இடையே 1906-இல் திறந்த பாதையில் வெலிங்டன்பிரிட்ஜ். 2006-இல் மாலோ சர்க்கரை ஆலை மூடும் வரை சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய சரக்கு வண்டிகள் இங்கிருந்துதான் கிளம்பின. 2010 செப்டம்பரில் பயணிகள் வண்டியும் நின்றுவிட்டது. இனி அந்தக் காட்சியைச் செய்பவருக்கு நினைவும் பழைய படங்களுமே துணை.

4 மி.மீ. அளவில் (ஓரடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76.2) ஒரு மைல் 21 மீட்டர். கிழங்கு வேகன் கொக்கியோடு சேர்த்து சுமார் 8 செ.மீ. முப்பது வேகன் என்றால் 2.4 மீட்டர். முன்னால் 141 வகை டீசல் எஞ்சின் இரண்டு, 36 செ.மீ. வண்டி மட்டுமே 2.76 மீட்டர் ஆகிறது; பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) இன்னும் கணக்கில் வரவில்லை. நாலு மீட்டர் சுவரில் மற்றவற்றுக்கு இடம் மிஞ்சாது.

என் பரிந்துரை: 'தேர்ந்த சுருக்கம்'.

மடல் 2

> என் பரிந்துரை: 'தேர்ந்த சுருக்கம்'.

வணக்கம் ஐயா. 'சுருக்கம்' வேண்டாம் என்பேன். அது கட்டுரைச் சுருக்கத்துக்கும் கணினிக் கோப்புச் சுருக்கத்துக்கும் போய்விட்டது. 'அமுக்கம்' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இலங்கையில் எங்கள் பாடநூல்களில் அமுக்கம் என்பது பௌதிகத்தில் வரும், தமிழகத்தார் 'அழுத்தம்' என்கிற சங்கதி.

அதைவிடப் பெரிய சிக்கல், 'சுருக்கம்' என்றதும் எல்லாம் சமமாகச் சிறுத்துப்போவதாக மனம் நினைக்கும். புதியவர்கள் செய்யும் முதல் பிழையே அதுதான். நிலையக் கட்டடம் இடத்துக்குப் பெரிதென்று படத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து வெட்டுவார்கள். கதவு 28 மி.மீ. உயரம் (ஏழடி) இருக்க வேண்டியது 21 ஆகிவிடும். பக்கத்தில் 4 மி.மீ. அளவு மனித உருவை வைத்தால் தலை கதவு நிலையில் இடிக்கும். நடைமேடை 12 மி.மீ. (மூன்றடி) இருக்க வேண்டும். அதைக் குறைத்தால் பெட்டிக்கும் மேடைக்கும் நடுவே ஆள் ஏற முடியாத உயர வேறுபாடு விழும். உயரத்தில் கைவைக்கவே கூடாது. ஐந்து சன்னல் உள்ள முகப்பில் இரண்டை எடுத்துவிட்டு மூன்றை முழு அளவில் வைக்க வேண்டும். நடுவில் வாசல் இருந்தால் இரு பக்கமும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இல்லையேல் சமச்சீர் கெட்டு வேறு கட்டடமாகிவிடும்.

ஆகவே இது சிறுத்தல் இல்லை, எடுத்தல். சொல்லும் அதைக் காட்ட வேண்டும்.

மடல் 3

எடுத்தல் என்றதும் நன்னூல் நினைவுக்கு வருகிறது. செய்யுள் விகாரம் ஒன்பதில் குறுக்கலும் இருக்கிறது, முதற்குறை, இடைக்குறை, கடைக்குறையும் இருக்கின்றன. தாமரை 'மரை' ஆவது முதற்குறை; ஓந்தி 'ஓதி' ஆவது இடைக்குறை; நீலம் 'நீல்' ஆவது கடைக்குறை. எழுத்து போனாலும் சொல் இன்னதென்று அடையாளம் தெரியும். குறுக்கலில் எழுத்து போகாது, நெடில் குறிலாகும். இந்த வேறுபாடு நம் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது.

இடைக்குறை: லூப் பாதை (முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கப்பாதை). முப்பது வேகனில் நடுவிலிருந்து பதினெட்டை எடுத்துவிடலாம். பன்னிரண்டு வேகன் 96 செ.மீ., எஞ்சின்கள் 36, நிற்க இடைவெளி 15; ஆக 147. இரு முனைகளிலும் பெகோ நிறுவனத்தின் பெரிய ஆர பாயிண்ட், ஒவ்வொன்றும் 26 செ.மீ. மொத்தம் இரண்டு மீட்டருக்கு ஒரு செ.மீ. குறைவு. சுவரில் பாதி மிச்சம். பன்னிரண்டுக்குக் கீழே போக வேண்டாம்; ஏழெட்டு வேகன் என்றால் பார்ப்பவர் தன்னையறியாமல் எண்ணிவிடுவார், எண்ணியதும் பெரிய வண்டி என்ற உணர்வு போய்விடும்.

கடைக்குறை: பாதை காட்சியை விட்டு வெளியேறும் இடம். சாலைப் பாலத்தையோ வெட்டுக்கரையையோ வைத்து அங்கே நிறுத்திவிடுவது. பாலத்தின் கண்ணுக்குப் பின்னால் கருப்பு அடித்த அட்டையை 10 செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால் பின்சுவரின் ஓட்டை தெரியாது.

இடம் கொள்ளவில்லை என்று பாயிண்டைக் குட்டையாக்குவதுதான் பலரும் தவறும் இடம். 610 மி.மீ. ஆரமுள்ள சின்ன பாயிண்ட் வாங்கினால் பாயிண்டுக்கு ஏழு செ.மீ. மிச்சமாகும்; ஆனால் இரட்டை எஞ்சின் வளைவில் திரும்பும்போது முனைகள் விலகி நிற்பது அசிங்கமாகத் தெரியும், வேகன்களைப் பின்னால் தள்ளினால் பஃபர்கள் (வண்டி முனையில் உள்ள மோதல் தாங்கிகள்) ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தடம் புரளும். நீட்டமான பாதையில் எடுங்கள், பாயிண்டில் எடுக்காதீர்கள்.

மடல் 4

> எழுத்து போனாலும் சொல் இன்னதென்று அடையாளம் தெரியும்.

அருமை. இதற்குக் கைகாட்டியைச் சான்று காட்டலாம். நிலையத்துக்கு 800 மீட்டர் தள்ளி தொலைக் கைகாட்டி நிற்கிறது என்று வையுங்கள். 4 மி.மீ. அளவில் பத்தரை மீட்டர். அதைக் 'குறுக்கி' நடைமேடைச் சரிவுக்கு ஒரு சாண் தள்ளி நட்டால், ஓட்டுநருக்கு முன்னெச்சரிக்கை தர வேண்டிய கை நிலையத்துக்குள்ளேயே நிற்கும். ரயில் தெரிந்தவர் கண்ணில் முதலில் உறுத்துவது அதுதான். எடுத்தே விடுவது சரி. நிலைய நுழைவில் நிற்கும் உள்கைகாட்டியை மட்டும் வைத்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும்.

நினைவிலிருந்து செய்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை, வரிசையை வைத்திருப்பார்கள்: பாலம், அடுத்து கைகாட்டிகளை இயக்கும் கேபின், அடுத்து கிழங்கு ஏற்றும் இடம், அடுத்து மேடை. எதை எடுத்தாலும் மிஞ்சியவற்றின் வரிசை மாறக் கூடாது.

ஒரு ஐயம். ஐரிஷ் அகலப்பாதை 1600 மி.மீ. (ஐந்தடி மூன்றங்குலம், 1846-இன் சட்டம்). 4 மி.மீ. அளவில் 21 மி.மீ. வர வேண்டும். 4 மி.மீ. மாதிரிகளுக்கென்று கடையில் கிடைக்கும் 'ஓஓ' தண்டவாளத்தின் அகலம் 16.5 தான். பெரும்பாலோர் அதிலேயே ஓட்டுகிறார்கள். நாலரை மி.மீ. காணாமல் போகிறதே, இதுவும் இந்தச் சொல்லுக்குள் வருமா?

மடல் 5

வராது என்றே நினைக்கிறேன். அங்கே எதையும் தேர்ந்து எடுக்கவில்லை. வண்டி ஓர் அளவு, பாதை வேறோர் அளவு. அது அளவுப் பொருத்தமின்மை. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, வண்டி நேரே வரும்போதுதான் சக்கரங்கள் உள்வாங்கியிருப்பது தெரியும். அதனால் பார்வையாளர் நிற்கும் பக்கத்துக்கு நேராக பாதை முனை வராதபடி மேசையைத் திருப்பலாம். அந்தத் தண்டவாளத்தில் நெருக்கமாக வரும் எச்ஓ (1:87 என்ற சிறிய அளவு) ஸ்லீப்பர்களின், அதாவது அடிக்கட்டைகளின், இடைக்கண்ணியை வெட்டி, மையத்துக்கு மையம் 10 மி.மீ. (இரண்டரையடி) தள்ளி வைத்தால் பாதி குறை தீரும். முழுவதும் தீர வேண்டுமானால் 21 மி.மீ. பாதையைக் கையால்தான் கட்ட வேண்டும்.

பெயருக்கு வருவோம். 'தெரிகுறை' என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். தெரிந்து குறைத்தது என்ற பொருளில் அழகுதான். ஆனால் வினைத்தொகையாகப் படித்தால் 'தெரிகின்ற குறை', அதாவது கண்ணில் படும் பிழை என்றும் ஆகிறது. நாம் தவிர்க்க நினைப்பதே அதுதான். 'குறைவிகாரம்' என்றால் இன்றைய காதுக்கு விகாரம் மட்டும்தான் கேட்கும்.

'குறைத்தமைப்பு' எப்படி? குறைத்து அமைத்தல். வினையாகவும் நன்றாக நடக்கிறது: 'லூப்பைக் குறைத்தமைத்தேன்', 'குறைத்தமைத்த முகப்பு'. அமைத்தல் என்ற சொல்லுக்குள்ளேயே யோசித்து வைத்தது என்ற பொருள் இருக்கிறது. 'தேர்ந்த' தனியாக வேண்டாம். அதன் வகைகளாக முதற்குறை, இடைக்குறை, கடைக்குறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அளவையே சிறிதாக்குவது 'குறுக்கல்'.

மடல் 6

'குறைத்தமைப்பு'க்கு என் வாக்கு. கலைச்சொல் பட்டியலுக்கான பதிவு:

குறைத்தமைப்பு: உயரமும் வரிசையும் மாறாமல், திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளை எடுத்து, ஓர் இடத்தின் நீளத்தை அறைக்கு ஏற்ப அமைத்தல். எ.கா. 'முப்பது வேகன் வண்டியைப் பன்னிரண்டாகக் குறைத்தமைத்தார்.'

வேகன் பேச்சு வந்ததால் ஒரு துணைக்குறிப்பு. கிழங்கு வேகன் நெளிதகட்டு உடல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிய உயரமான வண்டி. மேலே கனம் சேர்ந்தால் வளைவில் கவிழும். விளிம்புக்கு 5 மி.மீ. கீழே நுரைப்பலகையால் பொய்த்தளம் வைத்து அதன்மேல் மட்டும் சரக்கைப் பரப்புங்கள். எடையை அடிச்சட்டத்தில் ஒட்டுங்கள், அச்சுக்கு 25 கிராம் போதும். கிழங்குக்குக் கடுகு சரியான பருமன். வறுக்காமல் ஒட்டினால் பசையின் ஈரத்தில் முளைவிடும். வறுத்து, ஒட்டி, சேற்றுநிறம் அடித்து, மங்கல் வார்னிஷ் பூசுங்கள்.

ஒரு கேள்வி மிச்சம். நேராக ஓடும் பாதையை அறை மூலைக்காக வளைத்து வைக்கிறோமே, அதில் எதையும் எடுப்பதில்லை. அதே வார்ப்பில் 'வளைத்தமைப்பு' என்று சேர்த்துவிடலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.