புதுப்பிப்பு: மறைந்த நண்பனின் குரல் இருந்த கேசட்

நாற்பத்தெட்டு ஆண்டுகள் உடனிருந்து சென்ற மாதம் மறைந்த என் பால்ய நண்பனின் குரல் பதிந்த, 1984-ஆம் ஆண்டின் 60 நிமிட கேசட் மிக மங்கலாக ஒலிக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

டேப்ரிக்கார்டரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்ததில் மாற்றமில்லை. கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும் என்று ஒருவர் எழுதியதே சரியாக இருந்தது. என் கேசட்டில் திருகுகள் இல்லாததால், நாடா முழுவதையும் ஒரே பக்கம் சுற்றிவிட்டு, விளிம்பில் கத்தியை நுழைத்து மெல்லப் பிளந்து, சுருளைத் திருகு வைத்த வேறொரு கேசட்டின் கூட்டுக்கு மாற்றினேன். நாடாவின் அகலம் 3.81 மி.மீ. மட்டுமே, அது முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிந்துகொண்டேன்.

நான் எதிர்பாராதது இரண்டாம் பக்கம். வெறுமையானது என்று இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்த அதில், அவன் எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான். நான் தடுமாறும்போதெல்லாம் சலிக்காமல் முதலிலிருந்து தொடங்குகிறான். நடுவில் அவன் அம்மா, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்கடா" என்று அழைக்கிறார். "இருங்கம்மா, இவனுக்கு இன்னும் வரல" என்கிறான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அதன் பிரதியை அவன் மகளிடம் கொடுத்தேன். தன் பாட்டியின் குரலை அவள் கேட்டது அதுவே முதல் முறை.