ஹட்யாய் போகும் பையன்களுக்குக் கஞ்சா சட்டத்தை யார் எடுத்துச் சொல்வது?

வணக்கம் அண்ணன், அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்கு எங்கள் இளைஞர்கள் வேன் பிடித்து எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குப் போகிறார்கள். "அங்கே கஞ்சா கடையிலேயே விற்கிறான், தப்பே இல்லை" என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மைதான். ஆனால் 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். இது பையன்கள் காதில் விழவே இல்லை.

புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி தாண்டி மலேசியப் பக்கம் வந்தால் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிப்பார்கள். கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கினாலும் நீதிபதி இன்னும் அதை விதிக்கலாம். பயன்படுத்தியதற்கே 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. கஞ்சா கலந்த மிட்டாயைப் பையில் மறந்து கொண்டுவரும் பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கடுமை: அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்போ உள்ளவர் வெளிநாட்டில் புகைத்தாலும் குற்றம்.

இந்தக் குழுவில் வழக்கறிஞரோ, ஓய்வுபெற்ற போலீஸ்காரரோ இருந்தால், ஒரு ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் தமிழில் பேச வர முடியுமா? போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அப்புறம், அங்கே புகைத்துவிட்டு வந்தவனுக்கு இங்கே சிறுநீர்ச் சோதனை எடுத்தால் வழக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.