சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தை வைத்துப் பறக்கும் நேரத்தைச் சொல்ல முடியுமா?

கணக்கர்: சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு எங்கும் நிற்காமல் செல்லும் விமானத்துக்குக் கால அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். சாங்கி 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் கென்னடி 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும், அதாவது உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில், இருப்பதால், இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோடு வடதுருவத்தை ஒட்டியே செல்லும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, ஆக 138 பாகை. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 15,300 கி.மீ. வருகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 17 மணி நேரம் போதும். மீதி நேரம், தாமதத்தை மறைப்பதற்காக முன்கூட்டியே சேர்த்து வைக்கும் உபரி என்பதே என் கருத்து.

வான்தடம்: பெருக்கலில் பிழையில்லை, விமானம் அந்தக் கோட்டின் மீதே பறக்கும் என்று கொண்டதில்தான் பிழை. நியூயார்க் நோக்கிச் செல்லும்போது பெரும்பாலும் பசிபிக்கைக் கடந்து போவார்கள். தூரம் கூடினாலும், மேற்கிலிருந்து கிழக்காக வீசும், சில நேரங்களில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும் உயர்வளிக் காற்று (ஜெட் ஸ்ட்ரீம்) பின்னாலிருந்து தள்ளுவதால் அந்தச் சுற்றுவழி கட்டுப்படியாகிறது. நீங்கள் வகுத்த 900, விமானத்தைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரையோடு ஒப்பிட்ட வேகம், காற்று தள்ளுவதையும் தடுப்பதையும் பொறுத்து அன்றாடம் மாறும்.

நடைமேடை: ஒரு சிறு குறிப்பு. அட்டவணை நேரம் வாயிலிலிருந்து வாயில் வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் அடக்கம்.

கணக்கர்: ஊர்ந்து செல்வதற்கு அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கிறேன். காற்று இன்று உதவும், நாளை தடுக்கும். தூரமோ என்றும் மாறாது. இரு வழித்தடங்களை ஒப்பிட விரும்பும் பயணிக்கு அதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை.

வான்தடம்: மாறாத அந்த அளவுகோலால் பயணிக்கு என்ன தெரியவரும்? ஹெல்சிங்கி – டோக்கியோ தூரம் அன்றும் இன்றும் 8,000 கி.மீ.க்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் சென்ற பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் சுமார் 13 மணி நேரம் எடுத்துக்கொண்டன.

கணக்கர்: அது அரசியல் விளைவித்த விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதியை மறுக்க வேண்டாம்.

வான்தடம்: அப்படியானால் சிங்கப்பூர்த் தடத்துக்கே திரும்புவோம். நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் நிலையத்துக்கு நடத்தி 2013இல் கைவிட்ட சேவையை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் மீண்டும் தொடங்கியபோது, சுமார் 18,000 கி.மீ. பறக்கக்கூடிய ஏ350-900 யூஎல்ஆர் என்னும் மிக நெடுந்தொலைவு ரகத்தை வாங்கினார்கள். 15,300 கி.மீ.க்கு அத்தனை தொலைவுத் திறன் எதற்கு? எதிர்க்காற்றும் சுற்றுவழியும் விதிவிலக்கல்ல, அன்றாட நடைமுறை என்பதனால்தான்.

கணக்கர்: அது எரிபொருள் தொட்டிக்கான உபரி, ஐயா. நான் கேட்டது அட்டவணையில் உள்ள உபரியைப் பற்றி.